புவனம் பறித்தல் கொலையாகுமா?

கொல்லாமையும் புலான்மறுத்தலும் சைவ நன்மக்களுக்கு இன்றியமையாத ஒழுக்கங்கள் என்பதில் நம்முள் வழக்கில்லை. ஆயின், ஓருயிரையும் தன் கையாற் கொல்லாதவனாய், புலால் நுகராதவனாய் இருக்கும் ஒருவன், மலைச்சாரலொன்றின் காட்டை அடியோடு வெட்டுவித்துத் தோட்டமாக்குவானாயின், அவன் கொல்லாவிரதத்தின் வழுவாதவனே ஆவானா? நாம் வெட்டுவித்தது மரத்தையே. அங்கிருந்த பிராணிகளைத் தொடவுமில்லை, அவை எங்கேனும் போய்ப் பிழைத்திருக்கும் என்று அவன் சொல்லுவான். கேட்போரும் பெரும்பாலும் உடன்படுவர். அவ்வுயிர்களுக்கு "எங்கேனும்" என்றோரிடம் உண்மையில் உண்டோ என்பதை ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

இதற்கு விடைகாணச் சாத்திர அறிவு மாத்திரம் போதாது. எவ்வுயிர் எவ்விடத்து உளது, பிறவிடத்து ஏன் இலது என்னும் ஆராய்ச்சியும் வேண்டும். நாம் இளமையிற் பயின்றது பாதிரிமார் நிறுவிய பாடசாலையில். அங்கே நோவாவின் பேழைக் கதையை வேதபாடத்திற் கேட்டோம். அப்பேழையினின்று ஒரு மலையில் இறங்கிய விலங்குகள் உலகெங்கும் எங்ஙனம் பரவின என்னும் வினா ஐரோப்பிய அறிஞரைப் பல தலைமுறை வருத்திற்று என்பதை மாத்திரம் அங்கு எவரும் சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்துப் பஃபோன் என்பார், வெப்பமும் மழையும் ஒத்திருந்தும் ஆபிரிக்காவின் விலங்குகள் வேறு, தென்னமெரிக்காவின் விலங்குகள் வேறு என்று எடுத்துக்காட்டினார். 1858-இல் இசுக்கிளேற்றர் என்பார் பறவைகளைக்கொண்டு உலகை ஆறு மண்டிலங்களாக வகுத்தார். 1876-இல் வாலேசு என்பார் அவ்வகுப்பைப் பிற விலங்குகளுக்கும் விரித்து நூல் செய்தார். பாலித் தீவுக்கும் உலொம்பொக்குத் தீவுக்கும் இடைப்பட்ட கடல் சுமார் 35 கிலோமீட்டர் அகலமே உடையது. எனினும் பாலியிலே குக்குறுவான் முதலிய ஆசியப் பறவைகளும், அக்கரையிலே அவுத்திரேலியச் சாயலுள்ள கொக்கட்டூக் கிளிகளும் வாழக் கண்டவர் அவரே. அக்கடல் மிக ஆழமானது. பனியூழிகளிலே கடல்மட்டம் தாழ்ந்தபோதும் அவ்விரு தீவுகளும் தம்முள் இணையவில்லை.

நிற்க. நமது ஈழநாட்டின் செய்தி இதற்கு மறுதலையானது. நமக்கும் பாண்டிநாட்டுக்கும் இடைப்பட்ட கடல் ஆழமற்றது. கடல் வற்றிய காலங்களிலெல்லாம் இந்நாடு பாரதகண்டத்தோடு நிலத்தால் இணைந்திருந்தது. யானையும் சிறுத்தையும் அந்நிலவழியே நடந்து வந்தன. இன்று இங்கில்லாத சிங்கமும் வேங்கையுங்கூட ஒருகாலத்து இருந்தன என்பதற்கு, நம் சபரகமுவ மாகாணத்துக் குருவிட்டப் பகுதியிற் கிடைத்த பல்லும் எலும்புமே சான்று. இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் நீர்யானையின் எலும்பும் காண்டாமிருகத்தின் எலும்பும் அகப்பட்டுள்ளன. இதனைக் கூறினால் நம் மாணவர் நகைக்கின்றனர். இரத்தினபுரியில் நீர்யானையா என்கின்றனர். உரோமாபுரியின் அரசர் பெயர்களை ஒப்புவிக்கக் கற்ற நமக்கும், நம் மாகாணத்தின் பழங்கதை ஐம்பதாண்டு தெரியாதிருந்தது.

இங்ஙனம் பன்முறை நிலம் இணைந்திருந்தும், ஈரக்காட்டுச் சிற்றுயிர்கள் பல வந்துபோகவில்லை என்பதே வியப்பு. 2004-இல் வெளியான ஓராராய்ச்சி, தவளை, நண்டு, மண்ணிற் புதைந்துவாழும் பாம்பு முதலியவற்றை மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இங்கும் ஒப்புநோக்கி, இரு நாட்டு வகைகளும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தவை என்று காட்டிற்று. இடையிலுள்ள வறண்ட சமவெளியே அவற்றைப் பிரித்தது. யானைக்கு அது நடைவழி. ஈரத்தோலுடைய தவளைக்கு அது மகாசமுத்திரம். அவ்வளவில் நின்றதோ? இத்தீவினுள்ளேயே ஒரு மலையின் வகை மறுமலையில் இல்லாதிருப்பதும் உண்டு.

புதர்த்தவளை என்னும் இனத்தை எடுத்துக்கொள்வோம். குளத்தில் முட்டையிடுதல், வாற்பேத்தையாய் நீந்துதல், பின்னர்க் கால்முளைத்துக் கரையேறுதல் என்பனவே தவளையின் இயல்பென நாம் பாடஞ் சொல்லுகிறோம். இத்தவளைக்கு அஃதில்லை. இதன் பெண் பெரும்பாலும் காட்டுச் சருகின்கீழ் ஈரமண்ணிற் குழிபறித்து முட்டையிட்டு மூடிவிடும். முட்டையினின்று வாற்பேத்தையன்று, நகத்தளவான தவளைக்குஞ்சே வெளிப்படும். ஆகவே அதற்கு வேண்டுவது குளமன்று. சருகு மெத்தையும், அதனை உலராது காக்கும் மரநிழலுமே. மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டால், தவளையை எவரும் தொடாமலே அதன் கருப்பை காய்ந்துபோகின்றது. இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட தவளை வகைகள் உள. அவற்றுட் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 15-க்கு மேற்பட்ட வகைகள் இன்று உயிருடன் இல்லை. ஐரோப்பிய நூதனசாலைகளிற் போத்தல்களில் மாத்திரம் உள்ளன. காடழிந்தமையே இதற்குத் தலையாய காரணமென அறிஞர் கொள்வர்.

இனி, மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஒருவர் இத்தீவில் 1,400 யானைகளைச் சுட்டார் என்பர். 1845-இல் அவர் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவர் செய்தது கொடுங்கொலையென்று எவரும் ஒப்புவர். எனினும் ஈழத்தில் யானையினம் இன்றும் உளது. தவளைகளை ஒருவரும் சுட்டாரல்லர். அவற்றின் வகைகளோ போயின. கொன்றவன் பெயரைக் கதையாய்ச் சொல்லிவருகிறோம். வேரறுத்தவன் யார்? கோப்பித் தோட்டத்துக்கு மூலதனம் இட்ட இலண்டன் வணிகனா, வெட்டுவித்த துரையா, கங்காணியா, கோடரி எடுத்த கூலியா? பழி பலர்மேற் பரந்து, ஒருவர்மேலும் நில்லாது போகின்றது. கொல்லாமையைத் தன் கை செய்ததனால் மாத்திரம் அளப்பவனுக்கு, இப்பழியை எழுதுதற்கு ஏடே இல்லை.

சித்தாந்தம் இதற்கு இடந்தருகிறதென்றே நாம் எண்ணுகிறோம். ஆன்மாக்களுக்கு இறைவன் கூட்டுவிப்பன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. தனுவைச் சிதைத்தலைக் கொலை என்கிறோம். புவனம் என்பதை உலகமென்று பொதுப்பட ஓதிக் கடந்துவிடுகிறோம். புதர்த்தவளைக்குப் புவனமாவது ஒரு மலையின் ஒரு சாரல். அதன் தனுவுக்கும் அப்புவனத்துக்கும் உள்ள பொருத்தம், மீனுக்கும் நீருக்கும் உள்ள பொருத்தமே. குளத்தை வற்றச்செய்தவன், மீனை நான் தொடவில்லை என்று சாதித்தால் யார் ஒப்புவர்?

ஆன்மா அழிவற்றது, ஓருடல் போனால் மற்றோருடல் எடுக்கும், எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதங்களிற் சில குறைந்தாலென்ன என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதித்தார். அவ்வாதம் வெல்லுமாயின், ஆட்டை அறுப்பவனும் அதனையே சொல்லித் தப்புவான். ஆகலின் அது கொல்லாமையையே தள்ளும் வாதம். மேலும், ஓராட்டை அறுத்தாற் பின்னும் ஆட்டுடம்பு உண்டு. வகையே அற்றபின் அவ்வுடம்பைப் படைத்துத்தர மனிதரால் ஆகுமோ?

இவ்வளவில் நிறுத்தினால் எமக்கு எளிது. ஆயின் இக்கட்டுரையை எழுதுவது புளத்கொகுபிட்டியவில். களனி கங்கையின் மேல்வடிநிலத்துத் தேயிலையும் இறப்பரும் நம் வாயிலிலே நிற்கின்றன. அவற்றை நட்ட கைகள் நம் மக்களுடையவை. "எங்களுக்கே சொந்தமாக ஒரு முழ நிலம் இல்லை; தவளைக்கும் சிறுத்தைக்கும் நிலம் கேட்கிறீர்களா?" என்று அவர்கள் கேட்டால் விடை என்ன? 1840-ஆம் ஆண்டுச் சட்டம் மலைக்காட்டை முடிக்குரியதாக்கிற்று. முடி அதனைத் தோட்டக்காரருக்கு விற்றது. காட்டை வெட்டியவருக்குக் கிடைத்தது நாட்கூலியும் லயன் அறையுமே. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும் பறித்தது. அதனை முற்றும் மீட்க அரை நூற்றாண்டு சென்றது. 2016 மே மாதப் பெருமழையில் இப்பகுதித் தோட்டமொன்றில் லயன்களின்மேல் மலை சரிந்து பலர் மண்ணுள் மறைந்தனர். புவனம் பறிக்கப்படுதல் யாதென்பதைத் தவளைநூல் கற்று அறியவேண்டிய நிலையில் நம் மக்கள் இல்லை.

2020 மே 26-இல் நல்லதண்ணிப் பகுதித் தோட்டத்திற் கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. அதனை உடவளவைக்குக் கொண்டுசென்று மருந்திட்டும், மூன்று நாளில் இறந்தது. சுருக்கு காட்டுப்பன்றிக்கு வைத்தது. ஏசுவோர் ஏசினர், சுருக்கு வைத்தவரை ஏசுதல் பட்டணத்தாருக்கு எளிதாயிருந்தது. பன்றி ஓரிரவிலே கிண்டித் தள்ளும் மரவள்ளிக்கொல்லை ஒரு குடும்பத்தின் பலமாதப் பாடு என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்தாரல்லர். சுருக்கு வைத்தல் நன்றென்று நாம் சொல்லோம். கம்பிக்குக் கண்ணில்லை, பன்றியென்றும் சிறுத்தையென்றும் அது பாராது, அகப்பட்டதை நாட்கணக்கில் வதைத்துக் கொல்லும். அதனினும் கொடிய கொலை அரிது. ஆயினும் பன்றிக்கும் சிறுத்தைக்கும் காடு இருந்த இடத்திற் கொல்லையை வைத்தது யார் செய்த ஏற்பாடு என்பதையும் சேர்த்துக் கேட்டல்வேண்டும்.

சீவகாருணியத்திலும் நாம் கண்ணுக்கு நிறைந்ததையே தேடுகிறோம் போலும். வனசீவிகளையும் தாவரங்களையும் காக்கும் சட்டம் 1937-இல் இயற்றப்பட்டு, 1938-இல் யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாயின. இரண்டும் யானை உலாவும் வறள்நிலம். தேயிலை விளையாத நிலம். மரங்களிற் பாதிக்குமேல் இந்நாட்டுக்கே உரியனவாயுள்ள சிங்கராஜ வனத்திலோ, 1970-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்கு மரம் தறிக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் 1977-இல் நின்றது. 1988-இல் அஃது உலக மரபுரிமையாயிற்று. மேற்குத்தொடர்ச்சி மலையையும் நம் தீவையும் ஒன்றாக்கி, உலகில் முதலிற் காக்கத்தக்க 36 இடங்களுள் ஒன்றாக இன்று எண்ணுகின்றனர். ஓரிடம் அப்பெயர் பெறுதற்கு அதற்கே உரிய தாவரவகை 1,500-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். பழங்காட்டில் 100-க்கு 70 பங்காவது அழிந்திருத்தலும் வேண்டும். பெருமையும் பழியும் ஒருங்கே சேர்ந்த பட்டம்.

காக்கும் செலவை யார் ஏற்பது? தவளையின் உரிமையைக் காட்டித் தொழிலாளியின் கொல்லையைப் பிடுங்குதல் ஒரு புவனப்பறிப்பை மற்றொன்றாற் சரிக்கட்டுதலேயாம். கொழுந்து குறைந்து, மண் கழுவுண்டு, செங்குத்தாய் நிற்கும் பழைய மலைகள் தோட்டங்கள்தோறும் உள. அவற்றையும் ஓடைக்கரைகளையும் காட்டுக்கு மீளவிடுதல் தோட்ட உடையவருக்கும் அரசுக்கும் உரிய கடன்; அவ்வேலைக்கு நாட்கூலி கொடுத்தலும், பன்றி அழித்த கொல்லைக்கு ஈடு கொடுத்தலும் அக்கடனின் பகுதி. அவை செய்யாமற் சுருக்கை மாத்திரம் தடுப்பது பசித்தவனுக்கு நோன்பு உபதேசித்தலை ஒக்கும்.

1853-இல் கெலார்ட் என்பார் விவரித்து, பின்னர் ஒன்றரை நூற்றாண்டு ஒருவர் கண்ணிலும் படாது, அழிந்ததென்றே எண்ணப்பட்ட புதர்த்தவளை ஒன்று 2009-இற் சிவனொளிபாதமலைக் காட்டிற் காணப்பட்டது. பச்சைமேனியில் வெண்புள்ளிகள் உடையது. அக்காடு வெட்டப்படாமல் எஞ்சியிருந்தது.