வழுவும் வழுவமைதியும்

பசுவொன்றை உவப்பினால் 'அம்மை வந்தாள்' என்பவன் திணை மயங்கப் பேசுகின்றான். எனினும் உவப்பு என்னும் காரணம் பற்றி இலக்கணம் அதனை வழுவமைதி என ஏற்கின்றது. காரணம் இன்றேல் அது வழுவேயாம். கணினி மென்பொருளின் குறைபாட்டிற்கும் இன்று 'வழு' என்னும் சொல்லே வழங்குகின்றது. வழுவமைதி என்னும் சொல்லை மட்டும் எவரும் உடனெடுத்துச் செல்லவில்லை.

வன்னியின் ஆய்வுகூடமொன்றில், டெபியன் லினக்ஸ் இயங்கும் பொதுக் கணினி முன் மாணவனொருவன் இருப்பதாகக் கொள்க. டெபியனில் மென்பொருள்கள் பொதிகளாக வருவன. ஒவ்வொரு பொதியும் தான் சார்ந்து நிற்கும் பிற பொதிகளையும் அவற்றின் பதிப்புகளையும் குறித்து நிற்கும். அவனுக்கு வேண்டிய பொதி, பிறிதொன்றின் புதிய பதிப்பை வேண்டுகின்றது. முன்னரே நிறுவப்பட்டதொன்று பழையதையன்றி ஏற்காது. 'ஆப்ட்' கருவி நிறுவ மறுக்கின்றது. திருத்த வல்லோர் தொலைவிலுள்ள தன்னார்வலர். திருத்தம் வரும் நாளும் தெரியாது. ஆய்வேடு ஒப்படைக்கும் நாளோ தெரியும்.

சார்புகளைப் புறக்கணித்து வலிந்து நிறுவினால் இன்றைய வேலை நடக்கலாம். பின்வரும் புதுப்பிப்புகள் அங்கேயே இடறும். புதியதைக் கைவிட்டுப் பழைய பதிப்பையே நிறுத்திவைத்தால் ஒழுங்கு குலையாது. ஆனால் அப்பொதிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரா. இரண்டாவதே பெரும்பாலும் பொறுக்கத்தக்கது. எதனைத் தெரியினும் அதன் விலையைப் பின்வருவோரே செலுத்துவர் என்பதுதான் இடர்.

வன்னிக் குளங்கள் பல தொடராய் அமைந்தவை; மேற்குளத்து மிகைநீர் கீழ்க்குளத்திற் சேரும். மேற்குளக் கட்டின் கசிவை மண்மூடையிட்டு அடைத்தவன் கீழே வயல் செய்வோர்க்கு அறிவியாதிருப்பின், அவன் செய்தது திருத்தமா, மறைப்பா? மூடை இட்டதில் குற்றமில்லை; மௌனத்திலேதான் குற்றம் உளது.

வழுக்களை மறைப்பதில்லை, வழுப் பதிவேடு யாவர்க்கும் திறந்திருக்கும் என டெபியன் சமூகத்தார் 1997இல் உறுதி பூண்டனர். அவ்வுறுதி பயனர் தாமும் எழுதினாலன்றி நிறைவுறாது. எழுதுவது வேறு, நெருக்குவது வேறு. 2024இல் வெளிப்பட்ட 'எக்ஸ்இசட்' விவகாரத்தில், அம்மென்பொருளை நெடுங்காலம் ஏறத்தாழத் தனியராய்ப் பேணிய தன்னார்வலரை நெருக்கிய மடல்கள், தீங்கிழைக்க வந்தவனுக்கே வழி திறந்தன. இலவசமாய்ப் பெற்றவன் முறையிடலாம். ஆணையிட அவனுக்கு உரிமை ஏது?

எதனை நிறுத்தினான், ஏன் நிறுத்தினான், எப்போது நீக்கலாம் என மாணவன் நான்கு வரி எழுதி அக்கணினியிலேயே வைக்கின்றான், பதிவேட்டிற்கும் அனுப்புகின்றான். அடுத்த ஆண்டு அங்கு அமர்பவள் அவ்வரிகளைக் கண்டதும், திருத்தம் வந்துவிட்டதா என்றே முதலிற் பார்ப்பாள்.