திறமை யாருடைய சொத்து?

மருத்துவ பீடத்துக்குத் தெரிவான மாணவன் ஒருவன் சென்ற ஆண்டு என் வீட்டுக்கு வந்திருந்தான். நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவம் படிக்கப் போவதென்றால் அது ஒரு வீட்டின் மகிழ்ச்சி மட்டுமன்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இவ்வூர் முழுவதும் பேசும் செய்தி. ஆயினும் அவன் முகம் வாடியிருந்தது. கொழும்பிலே வாழும் உறவினர் ஒருவர், "எங்கட பிள்ளை உன்னை விடக் கூட எடுத்தும் வீட்டில இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். அவன் என்னைக் கேட்டான்: "சேர், நான் திறமையால போறனா, மாவட்டத்தால போறனா?"

அன்று ஆறுதல் கூறி அனுப்பினேன். ஆறுதல் விடையாகாது. அவனுக்கு நான் கடன்பட்டிருக்கும் விடையை இங்கே சொல்ல முயல்கிறேன்.

நமது நாட்டின் அனுமதி முறை ஆசிரியர்கள் அறிந்ததே. விஞ்ஞானம், வர்த்தகம் முதலிய துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றன. அம்பாறை அப்பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்பு மாணவன் ஒருவனுக்கு மூடிய கதவு, அவனிலும் குறைந்த புள்ளி பெற்ற அம்பாறை மாணவனுக்குத் திறக்கக்கூடும். இது நீதியா என்பதே வினா.

இது அநீதி என்போர், புள்ளி என்பது மாணவனின் தனிச் சொத்து என்று கொள்கிறார்கள். அந்த எண்ணத்தை முதலில் சோதிப்போம். பெளதிகவியலில் ஒரு மாணவன் பெறும் புள்ளியில் அவன் உழைப்பு இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் ஆய்வுகூடமும், ஆண்டு முழுவதும் இடம் மாறாத ஆசிரியரும், தனியார் வகுப்புக்குத் தந்தை கொடுத்த பணமும், மாலையில் வயலுக்கோ கடைக்கோ போகாமற் படிக்கக் கிடைத்த நேரமும் அதே புள்ளிக்குள் இருக்கின்றன. 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி, ஒரு பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து மாணவன் எவ்வளவு உயர்ந்து நிற்கிறான் என்பதைக் கணக்கிடும். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் அவன் எத்தனை மாதம் தனியே புத்தகத்துடன் இருந்தான் என்பதை அது கணக்கிடாது.

வரலாறும் இதையே கூறுகிறது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் 1823இல் செமினரியை நிறுவினர். அங்கு தொடங்கிய ஆங்கிலக் கல்வி மரபின் பயனை யாழ்ப்பாணம் தலைமுறை தலைமுறையாகப் பெற்றது. கொழும்புக்கு அரசும் வர்த்தகமும் அதே வசதியை அளித்தன. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் வாசலை அடைந்தோர் பெரும்பாலும் இத்தகைய ஊர்களின் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர்களே. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும், பின்னர் தாய்மொழிக் கல்வி உயர்வகுப்புகளை எட்டியதுமே கிராமத்துப் பிள்ளைக்கு அவ்வாசலைக் காட்டின. அதற்கு முன் இக்கரையோரத்தில் அறிவு இல்லாமலா போயிற்று? அறிவு இருந்தது, அதற்குப் பாதை இல்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையற்றவர்களாவோம். ஒதுக்கீட்டின் வரலாற்றில் ஒரு கறை உண்டு. 1970-71 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் தோற்றியோருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூலம் தோற்றியோருக்கு 229 புள்ளியும் வெட்டுப்புள்ளியாக வைக்கப்பட்டன. கொழும்பில் ஒரே வசதியுடன் படித்த இருவருள் ஒருவன் தமிழில் எழுதினான் என்பதற்காக 21 புள்ளி கூடுதலாகப் பெற வேண்டியதாயிற்று. இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்ற அரசாங்கம் அது. முற்போக்காளர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம் இதை மழுப்பிப் பேசலாகாது. அது வசதியின்மைக்கு ஈடு செய்யவில்லை. மொழிக்குத் தண்டம் விதித்தது. அந்தத் தண்டம் ஒரு தலைமுறையின் நெஞ்சில் மூட்டிய தீயின் விளைவை நாடே பின்னர் கண்டது.

1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்து மாணவர்களை மேலும் பாதித்தது. அவர்களது வேதனை மெய்யானது. ஆனால் அதே ஒதுக்கீடு அம்பாறை, மன்னார் போன்ற இடங்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்கு வழியும் திறந்தது. ஒரே சட்டம் ஒரு தமிழனுக்குக் கதவை அடைத்து இன்னொரு தமிழனுக்குத் திறந்ததெனில், அதை இனக் கண் கொண்டு மட்டும் அளக்க முடியாது. எனவே ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்பது போதாது. அது எதை அளக்கிறது என்று கேட்க வேண்டும். பிறப்பை அளந்தால் அநீதி. இல்லாமையை அளந்தால் நீதி.

மாவட்டம் என்ற அளவுகோல் இல்லாமையைச் சரியாக அளக்கிறதா? இங்கேதான் எனக்குப் பெரிய ஐயம். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தில் கல்முனையும் உண்டு, பொத்துவிலும் உண்டு, சிங்கள உழவர் வாழும் மகாஓயாவும் பதியத்தலாவையும் உண்டு. கல்முனையிலோ 1883இல் தோன்றிய வெஸ்லியும் 1949இல் தோன்றிய ஸாஹிராவும் போன்ற நீண்ட மரபுடைய கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் வகுப்புகளும் நிறைய உண்டு. உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத கிராமப் பாடசாலையில் தொடங்கிய பிள்ளையும் பட்டினத்தில் வசதியோடு வளர்ந்த பிள்ளையும் "அம்பாறை" என்ற ஒரே நிரையில் நிறுத்தப்படுகிறார்கள். பின்தங்கிய மாவட்டத்துக்குரிய இடங்களை அம்மாவட்டத்தின் முன்னேறியவர்களே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். நான் கற்பித்த ஒரு பாடசாலையில் இரண்டு ஆண்டுகள் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை. அவ்வகுப்பிலிருந்து எவரும் தெரிவாகவில்லை. அவர்களுக்காகத்தானே ஒதுக்கீடு உண்டாயிற்று?

வேறு நாடுகள் வேறு அளவுகோல்களைத் தேடியுள்ளன. தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களைச் சட்டப்படி ஒதுக்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் ஒவ்வொரு உயர்பள்ளியிலும் முதல் பத்து வீதத்தினருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களைத் திறந்துவிட்டது. இவ்விரண்டும் குறையற்றவை அல்ல. ஆனால் இரண்டும் மாவட்டத்தை விட்டுப் பாடசாலையின் வாசலுக்கு வந்து பார்க்கின்றன. நாமும் அங்கே வர வேண்டும். அப்படி வந்தால் நற்பிட்டிமுனைப் பிள்ளையும் பதியத்தலாவைச் சிங்களப் பிள்ளையும் கொழும்பு நகரின் தோட்டக் குடியிருப்புப் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பதைக் காண்போம்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஒரு பகுதியினருக்கே இடம் கிடைக்கிறது. செல்வர் தம் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எஞ்சிய சில இடங்களுக்காக ஏழைப் பிள்ளையும் நடுத்தரப் பிள்ளையும், தமிழனும் சிங்களவனும் முஸ்லிமும் ஒருவரை ஒருவர் கள்வன் என்று பழிக்கிறார்கள். பானையில் சோறு போதாதபோது அகப்பையைக் குறைகூறிப் பயன் என்ன? ஒதுக்கீடு என்பது நல்ல பாடசாலையை எல்லா ஊருக்கும் கொடுக்கத் தவறிய அரசு எழுதித் தந்த கடன் சீட்டு. சீட்டைக் கையிற் கொடுத்துவிட்டுக் கடனை அடைக்காமல் இருக்கும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.

ஆகவே தம்பி, உன் கேள்விக்கு என் விடை இது. நீ திறமையாலேயே போகிறாய். உன் திறமை கடந்து வந்த தூரத்தைப் புள்ளி காட்டவில்லை; மாவட்டம் அதில் ஒரு பங்கைக் காட்டியது. வெட்கப்பட வேண்டியவன் நீ அல்லன். ஆனால் உனக்குப் பின்னால், உன்னிலும் தூரத்தில், ஆசிரியர் இல்லாத வகுப்பில் ஒருவன் இருக்கிறான். அந்த இடம் அவனுக்கும் உரியதாயிருந்தது. மருத்துவனாகி நீ திரும்பி வரும் நாளில் அவனுடைய பாடசாலையின் கதவைத் தட்டு. அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்று கேள்; இல்லையென்றால் ஊரைக் கூட்டிக் கேள்.