பகுதியில் இல்லாதவள்

ஒவ்வொரு ஆண்டும் பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் அந்தத் தலைப்புச் செய்தியும் வந்துவிடும்: இந்த ஆண்டும் மாணவிகளே அதிகத் தேர்ச்சி. இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அதைப் படிக்கையில் பெருமையாகத்தான் இருக்கும். கூடவே ஒரு கேள்வியும் வரும். சதவீதம் என்பது ஒரு பின்னம். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தேர்ச்சி பெற்றவர்கள் தொகுதியில் இருக்கிறார்கள், தேர்வு எழுதியவர்கள் பகுதியில் இருக்கிறார்கள். எழுதவே வராதவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

அவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளை எழுதவிடாமல் செய்தவள் நான்.

அப்போது தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களை ஒட்டிய ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கே உப்புக்கும் பொதுத்தேர்வுக்கும் ஒரே பருவம். மழை ஓய்ந்து பாத்திகளைச் சீர்படுத்தத் தொடங்கினால், பங்குனி சித்திரையில் வேலை மும்முரமாகிவிடும். வெயில் ஏறுமுன் உப்பு வார வேண்டும் என்பதால் பெண்கள் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். அம்மா போனபின் தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, தம்பி தங்கையைப் பள்ளிக்குக் கிளப்புகிறவள் மூத்த மகள். அவளும் அப்படித்தான். முதல் பாடவேளை முடிகிற நேரத்தில் வந்து வகுப்பு வாசலில் நிற்பாள். அந்த முதல் பாடவேளை கணக்கு.

அரையாண்டுத் தேர்வில் அவள் எடுத்தது 19. தேர்ச்சிக்கு 35 வேண்டும். முந்தைய ஆண்டு எங்கள் பள்ளியின் தேர்ச்சி 91 சதவீதம். ஏன் குறைந்தது என்று மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த முறை நூறு வர வேண்டும் என்று முடிவானது. நூறு வாங்க இரண்டு வழி உண்டு. தொகுதியைக் கூட்டலாம், அதற்கு நாளும் ஆளும் வேண்டும். பகுதியைக் குறைக்கலாம், அதற்கு ஒரு பேனா போதும்.

தேர்வர் பெயர்ப்பட்டியலை அனுப்புவதற்கு முன் அவளுடைய அம்மாவை வரச் சொன்னேன். “இப்ப எழுதித் தோத்துட்டா பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும். அடுத்த வருஷம் தனித்தேர்வரா நிதானமா எழுதட்டுமே” என்றேன். அக்கறையான குரலில்தான் சொன்னேன். “நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும் டீச்சர். எனக்கு என்ன தெரியும்?” என்றார் அவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த ஆண்டு 46 பேர் எழுதினார்கள், 46 பேரும் தேறினார்கள். வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தோம். அவளும் எழுதித் தோற்றிருந்தால் 47க்கு 46, அதாவது 97.87 சதவீதம். நான் ஒரு பெண்ணைக் கொடுத்து வாங்கியது 2.13 சதவீதம். அவள் தனித்தேர்வு எழுதவில்லை. இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்விட்டாள்.

பள்ளிகள் பொறுப்பேற்க வேண்டும், ஆசிரியர்கள் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். மறுக்கவில்லை. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கியவள் பதில் சொல்லத்தான் வேண்டும். யாருக்கு என்பதுதான் என் கேள்வி. அந்தக் கூட்டத்தில் நான் எனக்கு மேலே இருந்தவர்களுக்குப் பதில் சொன்னேன். அந்த அம்மாவுக்கு நான் சொன்னது பதில் அல்ல, சாக்கு. பொறுப்பு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் திருப்பிக் கேட்க முடியாத ஒருத்தியின் தலையில் போய் உட்கார்ந்தது. சமையலில் உப்பு கூடினாலும், பிள்ளை தோற்றாலும் வீட்டில் யாரைக் கேட்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தைத்தான் பள்ளிக்கூடமும் சதவீதத்தில் எழுதி வைத்திருக்கிறது.

சட்டம் ஓரளவு காத்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் நிறுத்தி வைக்கவோ வெளியேற்றவோ கூடாது என்றது. அந்தக் காப்பு ஒன்பதாம் வகுப்பில் தீர்ந்துபோகிறது. சலிப்பதும் அங்கேதான் தொடங்குகிறது. 2019இல் அந்தப் பிரிவைத் தளர்த்தித் திருத்தம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு வலுத்து, 2020 பிப்ரவரி 4 அன்று அதைத் திரும்பப் பெற்றது. அது மட்டும் நடந்திருந்தால் என்னைப் போல் ஒருத்தி பத்து வயதுப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு அதே அக்கறையான குரலில் பேசியிருப்பாள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இங்கிலாந்தில் 1862இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். பள்ளிக்கான மானியத்தில் பெரும்பகுதி தேறிய அளவைப் பொறுத்தது. சென்னை மாகாணத்திலும் அந்த வழக்கம் வந்தது. அமெரிக்காவில் 2002இல் வந்த சட்டம், தேர்வு முடிவைக் கொண்டு பள்ளிகளுக்குத் தண்டனை விதித்தது. அட்லாண்டா நகரில் 44 பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர், மாணவர்களின் விடைகளைத் திருத்திய முறைகேட்டில் சம்பந்தப்பட்டிருந்ததாக 2011இல் விசாரணை அறிக்கை வந்தது. 2015இல் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் விடையைத் திருத்தினார்கள், நான் பட்டியலைத் திருத்தினேன். எனக்கு ஃபிளெக்ஸ் கிடைத்தது.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தலைமுறையில் ‘படித்தது போதும்’ என்ற வீட்டுக்கு முன் ஒரு பெண்ணுக்காகப் பேசியது அவளுடைய மதிப்பெண் பட்டியல்தான். இன்றும் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவிகளுக்கும் அதை விரிவாக்கிய விழா 2024 டிசம்பர் 30 அன்று எங்கள் தூத்துக்குடியில்தான் நடந்தது. அந்தப் பணம் அவள் கைக்கு வருவதற்கு முன் அவள் இரண்டு பொதுத்தேர்வுகளைத் தாண்டியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவள் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வந்தபோது அவளுக்கு நீள்வகுத்தல் தெரியாது. எட்டு ஆண்டுகள் தேர்ச்சி போட்டு மேலே அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு என்ன தெரியும் என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதுவும் கைவிடுதல்தான். அளக்காமல் விடுவதைக் கருணை என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது.

இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தில் ஒரு முறை இருந்தது. சிப்பிப் படுகையைப் பார் என்பார்கள். குளிப்பு அறிவிப்பதற்கு முன், ஒரு பாரிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைக்கிற முத்தை மதிப்பிடுவார்கள். பாரின் நிலையை அறிய அது போதும். முதிராத சிப்பி என்றால் விட்டுவிட்டு இன்னும் சில காலம் காத்திருப்பார்கள். முத்து இல்லை என்பதற்காக யாரும் சிப்பியைக் குற்றம் சொன்னதில்லை. 1961க்குப் பிறகு இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அந்த முறையில் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளியின் நிலையை அறிய மாதிரி ஆய்வு போதும். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு அந்த வகைதான். அதில் எந்தக் குழந்தையின் பெயரிலும் வெற்றி தோல்வி கிடையாது. பொதுத்தேர்வு அந்தப் பெண்ணுக்கு உரியது. எழுதுவதும், தோற்பதும், மறுபடி எழுதுவதும் அவள் உரிமை. அவளுடைய தேர்வில் பள்ளியின் மானத்தையும் ஏற்றி வைத்தால், 19 மதிப்பெண் எடுத்தவள் மாணவியாகத் தெரியமாட்டாள், ஆபத்தாகத்தான் தெரிவாள்.

மேலிருந்து சொன்னார்கள், செய்தேன் என்று நான் தப்பிக்க முடியாது. அவள் பெயரைச் சேர்த்திருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? இன்னொரு கூட்டத்தில் இன்னொரு முறை எழுந்து நின்றிருப்பேன். அவ்வளவுதான்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள், தேர்ச்சி சதவீதத்துக்குப் பக்கத்தில் என் குறிப்பேட்டில் இன்னொரு பின்னத்தையும் எழுதி வந்தேன். பகுதியில், ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த பெண் பிள்ளைகள். தொகுதியில், அவர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வறைவரை வந்தவர்கள். இடையில் போனவர்கள் பெயரையும் எங்கே போனார்கள் என்பதையும் கீழே எழுதினேன். கல்யாணம், இறால் கம்பெனி, உப்பளம், வீட்டில் தம்பி. எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து நின்று வாசிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் கைப்பையில் எடுத்துப் போனேன். அதன் முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்கிறது.