பண்டத்தின் பெயரும் சுங்கத்தின் நீதியும்

ஒரு பொருள் யாது என்னும் வினாவை மெய்யியலாளர் தொன்றுதொட்டு எழுப்பி வந்துள்ளனர். அவர்கள் முடிந்த முடிபு எதனையும் காணாமையால் எந்தக் கப்பலும் துறைமுகத்தில் காத்துக் கிடந்ததில்லை. ஆயின், அதே வினாவை நாள்தோறும் எழுப்பி, அன்றன்றே விடை கூறியாகவேண்டிய இடமொன்றும் உலகில் உண்டு. அதுவே சுங்கச்சாவடி. வந்திறங்கிய பண்டம் இன்னதென்று துணிந்தாலன்றித் தீர்வை விதித்தல் இயலாது. ஒரேயொரு பயனுடைய பண்டமாயின் இடர் இல்லை. பல பயன்களையுடைய பண்டம் வரும்போதுதான் சிக்கல் தோன்றுகின்றது. அப்பயன்களுள் எதனைக் கொண்டு அதற்குப் பெயரிடுவது? அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? செய்தவனுக்கா, கொண்டுவந்தவனுக்கா, வாங்கிப் பயன்படுத்தும் மக்களுக்கா, அன்றி அரசுக்கா? இது கணக்கரின் வினாவாகத் தோன்றினும் உண்மையில் அறவியல் வினாவேயாகும்.

இலங்கை உட்பட உலக நாடுகளில் மிகப் பெரும்பாலானவை, 1988ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த பொதுவான பண்ட வகைப்பாட்டு முறையையே இன்று பின்பற்றுகின்றன. பிரசல்ஸ் நகரிலுள்ள உலக சுங்க அமைப்பு அதனைப் பேணி வருகின்றது. உயிருள்ள விலங்கு முதல் ஓவியமும் பழம்பொருளும் ஈறாக, மனிதர் விற்று வாங்கும் யாவும் அதில் 21 பிரிவுகளுள் அடக்கப்பட்டுள்ளன. ஒரு பண்டத்துக்கு ஒரே இடந்தான் உண்டென்பது அதன் அடிப்படை. இரண்டு தலைப்புகளுக்கு உரியதாகத் தோன்றுமாயின், அதனை மிகத் திட்டமாக விவரிக்கும் தலைப்பைக் கொள்ளவேண்டும். அதனாலும் தெளிவு பிறவாவிடின், பல கூறுகளாலான பண்டத்துக்கு அதன் சாரமான தன்மையை நல்கும் கூறு எதுவென நோக்கவேண்டும். பல தொழில் புரியும் யந்திரமாயின் அதன் தலையாய தொழிலே அதன் பெயர். இவையாவும் பயன்படாதபோது, போட்டியிடும் தலைப்புகளுள் எண் வரிசையில் இறுதியாக நிற்பதைக் கொள்க என்பது கடைசி விதி. சாரத்தைத் தேடிப் புறப்பட்ட அறிவு வரிசை எண்ணில் வந்து முடிவதைக் கண்டு நகைத்தல் எளிது. ஆயினும் அவ்விதியில் ஒரு நேர்மை இருக்கின்றது. பண்டத்தின் பெயர் பண்டத்தினுள்ளே உறைவதன்று, மனிதர் தம் தேவைக்காக இட்டது என்பதை அது மறையாது ஒப்புக்கொள்கின்றது.

மனிதர் இட்ட பெயரெனின், எம்மனிதர்? இவ்வினாவுக்கு 1893இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஒரு விடை கூறிற்று. 1883ஆம் ஆண்டின் தீர்வைச் சட்டம் மரக்கறிக்கு 10 வீதம் விதித்துப் பழத்துக்கு விலக்களித்திருந்தது. நியூயோர்க் துறைமுகத்தில் வந்திறங்கிய தக்காளி எவ்வகையைச் சார்ந்தது? தாவரவியலின்படி அது பழமே. ஆயினும் மக்கள் அதனை உணவோடு உண்கின்றனரேயன்றி, உணவுக்குப்பின் கனியாக உண்பதில்லை. ஆகவே அது மரக்கறி என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிஞரின் வரைவிலக்கணத்தினும் சாதாரண மக்களின் வழக்கே பெரிது என்னும் இக்கருத்து பெரிதும் ஏற்கத்தக்கது.

பயன் என்பதைப் பற்றி இன்னுஞ் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஒரு செருப்புக்கு இரண்டு பயன்கள் உண்டு, ஒன்று அணிதல், மற்றையது அதனைக் கொடுத்து வேறொன்றைப் பெறுதல் என்று அரிஸ்டோட்டில் எடுத்துக் காட்டினார். பயன்மதிப்பு, மாற்றுமதிப்பு என்னும் வேறுபாட்டை விளக்கிய கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலில் அவ்விடத்தைச் சுட்டினார். பண்டங்களின் பல்வேறு பயன்களைக் கண்டறிதல் வரலாற்றின் பணி என்பதும் அவர் கருத்து. ஆனால் தீர்வை அட்டவணை, இவ்விருவரும் எண்ணாத மூன்றாவது பயனொன்றைப் பண்டங்களுக்கு உண்டாக்கியிருக்கின்றது. சுங்கவாயிலைக் கடப்பதற்காக மட்டும் இருத்தல் என்பதே அப்பயன்.

இதற்குச் சான்றாகும் கதை கோழியில் தொடங்குகின்றது. 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் இறக்குமதிக் கோழியிறைச்சியின்மீது தீர்வையை உயர்த்தின. மேற்கு ஜேர்மனியில் அமெரிக்கக் கோழியின் விற்பனை வீழ்ச்சியுற்றது. நட்டம் 2 கோடி 60 இலட்சம் டொலர் எனச் சர்வதேசக் குழுவொன்று கணித்தது. பதிலடியாக, 1963 மார்கழியில் ஜனாதிபதி ஜோன்சன், உருளைக்கிழங்கு மாப்பொருள், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறு லொறி ஆகிய நான்கின்மீதும் 25 வீதத் தீர்வையை அறிவித்தார். பின்னாளில் முன்னைய மூன்றும் விடுவிக்கப்பட்டன. லொறித் தீர்வை நின்றது. மக்களை ஏற்றும் காருக்கோ பின்னாளில் 2.5 வீதமே என்றாயிற்று. ஒரே உருவமுடைய வண்டி, லொறியெனப் பெயர்பெற்றால் பத்துமடங்கு செலுத்தவேண்டியதாயிற்று.

2009ஆம் ஆண்டு தொடக்கம் ஃபோர்ட் கம்பனி, துருக்கியில் உற்பத்தியான ‘டிரான்ஸிட் கனெக்ட்’ வண்டிகளை அமெரிக்காவுக்குக் கொணர்ந்தது. பெரும்பாலானவை சரக்கேற்றுதற்காகவே கேட்கப்பட்ட வண்டிகள். ஆயினும் அவை பின்னாசனமும் ஆசனப்பட்டியும் பின்புறச் சாளரங்களும் பொருத்தப்பட்டு, பயணிகள் கார் என்னும் பெயருடன் பால்டிமோர் துறைமுகத்தில் இறங்கின. சுங்கத்தைக் கடந்தபின், அங்கேயே ஆசனங்கள் கழற்றப்பட்டன. சாளரங்கள் இருந்த இடத்தில் தகடுகள் ஏறின. கழற்றிய ஆசனங்கள் துண்டுதுண்டாக அரைக்கப்பட்டன. நாளடைவில் அவ்வாசனங்களுக்குத் தலைதாங்கியும் இல்லாது போயிற்று. மலிவான துணியே அவற்றைப் போர்த்தது. எவரும் அமரப் போவதில்லை என்பதை அவற்றைச் செய்தோர் அறிந்திருந்தனர் போலும்.

இவ்விடத்தில் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். ஒரு கண்டத்தில் தொழிலாளி ஒருவன் ஆசனத்தைத் தைத்துப் பூட்டுகின்றான். கடலுக்கப்பால் மற்றொரு தொழிலாளி அதனைக் கழற்றி எறிகின்றான். இருவருக்கும் கூலி கிடைத்திருக்கலாம். ஆனால் அவ்விருவரின் உழைப்பையும் கூட்டினால் எஞ்சுவது யாது? அமர்தற்கு ஓர் இருக்கையுமில்லை, விற்றற்கு ஒரு பண்டமுமில்லை. மனித உழைப்பு ஒரு பொய்யை உருவாக்கவும் பின்னர் அதனை அழிக்கவும் செலவிடப்பட்டது. வரியிழப்பினும் பெரிய குற்றம் இதுவென்றே நான் கருதுகின்றேன். இழந்த வரியைப் பின்னர் அறவிடலாம். இழந்த உழைப்பை அறவிடும் நீதிமன்றம் எங்குமில்லை.

இதற்கு மறுப்புரைப்போர் உளர். சட்டம் பண்டத்தை அது வந்திறங்கும் நிலையில் வைத்தே அளக்கின்றது. அந்நிலையை முன்கூட்டி அமைத்துக்கொள்ளுதல் வணிகனின் உரிமை என்பர். இவ்வாதம் புதிதன்று. சீனியின் நிறத்தைக்கொண்டு தீர்வை விதிக்கப்பட்ட காலத்தில், குறைந்த தீர்வைக்காக நிறம் மங்கச் செய்த சீனி வந்திறங்கிற்று. வஞ்சனை இல்லாதவரை அது குற்றமன்று என 1881இலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அந்தச் சீனி, நிறம் மங்கியும் சீனியாகவே உண்ணப்பட்டது. அரைக்கப்பட்ட ஆசனமோ ஒருநாளும் ஆசனமாக வாழவில்லை. வரியைக் கருதிப் பண்டத்தை மாற்றுதல் வேறு. வரியைக் கருதிப் பண்டத்துக்கு வேடம் புனைதல் வேறு. நீதிமன்றங்களே இவ்வேறுபாட்டில் தடுமாறின. 2017இல் வணிக நீதிமன்றம் கம்பனியின் பக்கம் நின்றது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வண்டியின் உண்மைப் பயனையும் நோக்கவேண்டுமெனக் கூறி அம்முடிவை மாற்றிற்று. 2024இல் கம்பனி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 36 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது.

எனினும் பழி முழுவதையும் கம்பனியின் தலையில் ஏற்றிவிட்டு அமைதியடைதல் போதாது. கோழிக்காகப் பிறந்த சினத்தை லொறியின்மீது அரை நூற்றாண்டுக்கு மேல் நிறுத்திவைத்த அட்டவணை, தானே அப்பொய்க்கு விலை கூறி நின்றது. இரு பெயர்களுக்கிடையே அத்துணைப் பெரிய வேறுபாட்டை வைத்துவிட்டு உண்மையை எதிர்பார்க்கும் சட்டம், தன் குடிகளின் ஒழுக்கத்தைத் தானே சோதனைக்குள்ளாக்குகின்றது. இவ்வழக்குகளில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ நிற்கக்கூடியவர் இறக்குமதியாளரும் அரசுமேயாவர். தீர்வையின் சுமை விலையோடு சேர்ந்து வந்தடையும் சாமானியனுக்கு அங்கே ஆசனமில்லை.

ஆயினும் அவன் முற்றாக மறக்கப்படாத வழக்கும் உண்டு. அது இறக்குமதித் தீர்வை பற்றியதன்று. இந்தியாவின் உள்நாட்டு உற்பத்தித் தீர்வை பற்றியது. எனினும் அதன் அட்டவணை முற்கூறிய உலக வகைப்பாட்டையே அடியொற்றியது. சேலம் தீர்வை அதிகாரிகள் ஒரு கட்சியாக நின்ற அவ்வழக்கில் எழுந்த வினா, சிறு பொதிகளில் விற்கப்படும் தேங்காயெண்ணெய் உணவெண்ணெயா, தலைக்குப் பூசும் எண்ணெயா என்பது. நம் வீடுகளில் ஒரே போத்தல் அடுப்படிக்கும் கண்ணாடி முன்னும் செல்வதை யாரறியார்? சிறு பொதியாக இருத்தலே தலையெண்ணெய் என்பதற்குச் சான்று என்றது வரித்தரப்பு. 2018இல் நீதிபதிகள் இருவரும் ஒருவரோடொருவர் மாறுபட்டனர். 2024 மார்கழியில் மூவர் கொண்ட ஆயம், பொதியின் சிறுமை மட்டும் பண்டத்தின் பெயரை மாற்றாது. தலையெண்ணெய் என்று குறித்து விற்கப்பட்டாலன்றி அது உணவெண்ணெயே எனத் தீர்த்தது. இதன் அறப்பொருள் பெரிது. அன்றாடக் கூலியில் வாழ்பவன் சமையலுக்கும் சிறிது சிறிதாகவே வாங்குகின்றான். அவன் வறுமையையே அவன் பண்டத்தின் சாரமாகக் கொண்டு மிகை வரி விதித்தல் எவ்வாறு நீதியாகும்?

பல பயனுடைய பண்டத்துக்கு ஒரு பெயரிடுதல் அரசுக்குத் தவிர்க்கமுடியாத தொழில். அதில் ஒருபோதும் பிழை நேராதென எவரும் உறுதி கூறவியலாது. எனினும் இரண்டு நெறிகளை நாம் வற்புறுத்தலாம். மக்கள் உண்மையில் பயன்படுத்தும் முறையே பெயருக்கு அளவுகோலாதல் வேண்டும். ஒரு பெயருக்கும் மறுபெயருக்கும் இடையிலுள்ள தீர்வை வேறுபாடு, பொய்யை இலாபமாக்கும் அளவுக்கு விரிதல் கூடாது. இவ்விரண்டும் பேணப்படுமாயின், அமர்வதற்கன்றி அரைப்பதற்கென ஆசனம் செய்யும் தேவை எவருக்கும் நேராது.