சட்டத்தைத் தெரிந்தெடுக்க உரிமையுண்டா?

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையிலே டெலவெயார் என்றொரு சிறு மாநிலம் உண்டு. அதன் வில்மிங்டன் நகரில், வட ஓரேஞ்ச் வீதி 1209ஆம் இலக்கத்தில், மேல்மாடியற்ற சாதாரண கட்டிடமொன்று நிற்கிறது. 2012ஆம் ஆண்டளவில் இந்த ஒரே முகவரியைத் தமது சட்டபூர்வ இருப்பிடமாகப் பதிந்திருந்த கம்பனிகள் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகம். அங்கே ஆலை இல்லை. அக்கம்பனிகளின் தொழிலாளர் அங்கே வேலைக்குப் போவதுமில்லை. பதிவு மட்டும் அங்கே.

காரணம் என்ன? அமெரிக்காவில் ஒரு கம்பனி எங்கே உற்பத்தி செய்தாலும், எங்கே விற்றாலும், அதன் உள்விவகாரங்களை ஆள்வது அது பதியப்பட்ட மாநிலத்தின் சட்டமே. பணிப்பாளர் சபை யாருக்குக் கடமைப்பட்டது, தலைமை அதிகாரியின் சம்பளத்தை எந்த முறையில் தீர்மானிக்க வேண்டும், அது அநியாயம் என்று எண்ணும் பங்குதாரர் முறையிட வழியுண்டா என்பனவெல்லாம் பதிவிடத்தைப் பொறுத்தவை. அந்தப் பதிவிடத்தை மாற்றுவதற்கோ ஆலையின் ஓர் ஆணியைக்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய கம்பனிகள் நாடிச் சென்ற இடம் நியூ ஜேர்சி. 1913இல் அம்மாநில ஆளுநராயிருந்த வூட்ரோ வில்சன் கம்பனிச் சட்டத்தை இறுக்கினார். உடனே கம்பனிகள், 1899இலேயே இளகிய சட்டமொன்றை இயற்றி வைத்திருந்த அயல் மாநிலமான டெலவெயாருக்குப் பெயர்ந்தன. பதிவுக் கட்டணமும் வரியும் அச்சிறு மாநிலத்தின் திறைசேரியை நிரப்பலாயின. புனித தோமஸ் அக்குவினாஸ் சட்டத்துக்குக் கூறிய இலக்கணத்தில் பொதுநன்மை விலக்க முடியாத ஓர் உறுப்பு. கட்டணத்துக்காகச் சட்டத்தைக் கடையில் பரப்பி வைக்கும்போது அந்த உறுப்புக்கு என்ன நேருகிறது என்பதே வாசகர்களிடம் நாம் கேட்கும் கேள்வி.

டெலவெயாரைக் குறைத்துப் பேசுவதும் நேர்மையன்று. கம்பனி வழக்குகளில் பழுத்த நீதிபதிகள் அங்குள்ளனர். தீர்ப்புகள் ஆராய்ந்து எழுதப்படுகின்றன. அந்நீதிமன்றத்துக்கு முதுகெலும்பு உண்டென்பது 2024இல் தெரியவந்தது.

மோட்டார் வாகனக் கம்பனியான டெஸ்லா, 2018இல் தன் தலைவர் ஈலோன் மஸ்குக்கு ஒரு சம்பளத் திட்டத்தை வகுத்தது. கம்பனியின் சந்தைப் பெறுமதி 10,000 கோடி டொலரில் தொடங்கி 65,000 கோடி டொலர்வரை 12 படிகளாக ஏற ஏற, அவருக்குப் பங்குகள் கிடைக்கும், ஏறாவிட்டால் ஒன்றுமில்லை. முழுப் பெறுமதி 5,580 கோடி டொலர்வரை. பெறுமதி ஏறியது. ஆயினும் ஒன்பதே பங்குகளை வைத்திருந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். அத்திட்டத்தை நிர்ணயித்த பணிப்பாளர்களிற் சிலர் மஸ்குடன் நெருங்கிய உறவுடையோர் என்றும், வாக்களித்த பங்குதாரருக்கு அந்த உண்மை முழுமையாகச் சொல்லப்படவில்லை என்றும் நீதிபதி கத்தலீன் மக்கோர்மிக் கண்டார். 2024 ஜனவரி 30ஆம் திகதி திட்டம் ரத்தாயிற்று.

பங்குதாரர் சம்மதித்த பின் நீதிமன்றத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் சம்மதம் என்றால் என்னவென்று திருமணத்துக்கு ஆயத்தம் செய்யும் எந்தக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கும் தெரியும். அறிவும் சுதந்திரமும் இல்லாத இடத்தில் வாய் சொல்லும் 'ஆம்' சம்மதமாகாது. தெரிய வேண்டியதை மறைத்துப் பெற்ற வாக்கும் அத்தகையதே.

இழந்தவர் மேன்முறையீடு செய்வது முறை. மஸ்கும் அதைச் செய்தார். 2025 டிசம்பரில் டெலவெயார் உச்ச நீதிமன்றம், அவருடைய ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு எதுவுமே இல்லாமற் செய்வது தகுந்த பரிகாரம் அன்றென்று கூறித் திட்டத்தை மீள அளித்தது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டுமென்பதை நாமும் மறுக்கமாட்டோம், தொகை எம் தலையைச் சுற்ற வைத்தாலும். எம் மனதை உறுத்துவது, அந்த முடிவுக்குக் காத்திராமல் நடந்த மற்றொன்று. முதல் தீர்ப்பு வந்த சில மாதங்களுக்குள், 2024 ஜூனில், பங்குதாரரின் வாக்குடன் டெஸ்லா டெக்சாஸ் மாநிலத்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டது. தீர்ப்புப் பிடிக்காதபோது நீதிமன்றத்தையே மாற்றிக்கொள்ளும் வசதி கூலித் தொழிலாளிக்கு உண்டா? தோட்டக்காரனுக்கு, மீனவனுக்கு உண்டா?

1931இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் தமது திருமடலில் கம்பனிச் சட்டங்களைப் பற்றித் தனியாகவே பேசியிருப்பதை நம்மிற் பலர் கவனித்திருக்கமாட்டோம். பொறுப்பைக் குறைத்துக் கொடுக்கும் சட்டம் மனச்சாட்சியையும் மழுங்கச் செய்கிறது என்பதும், பிறர் சேமிப்பைக் காக்க வேண்டிய பணிப்பாளரே பொதுப் பெயரொன்றின் மறைவில் அதற்குத் துரோகம் செய்வதுண்டு என்பதும் அவருடைய முறைப்பாடு. அவர் மனதிலிருந்தது மோசடி. டெஸ்லாவின் பதிவு மாற்றமோ முற்றிலும் சட்டபூர்வமானது. அதனாலேயே இதில் மனச்சாட்சிக்கு வேலை அதிகம். சட்டம் தடுக்காத இடத்தில் வேறு எது தடுக்கும்?

போட்டியும் ஓயவில்லை. கம்பனிகள் போய்விடுமென்ற அச்சத்தில் டெலவெயார் 2025 மார்ச்சில், ஆதிக்கம் செலுத்தும் பங்குதாரருக்குச் சாதகமாகத் தன் சட்டத்தைத் தளர்த்தியது. டெக்சாஸ் அதே ஆண்டு மே மாதத்தில் இன்னும் ஒரு படி போயிற்று. அங்கு பதியப்பட்டுச் சந்தையில் பங்கு விற்கும் கம்பனி, தன் சார்பில் பணிப்பாளர்மீது வழக்குத் தொடுக்க விரும்புவோர் நூற்றுக்கு மூன்று வீதம்வரை பங்கு வைத்திருக்க வேண்டுமென விதிக்கலாம். டெஸ்லா அவ்விதியை உடனே ஏற்றுக்கொண்டது. 2025 நவம்பரில் அதன் பங்குதாரர், ஒரு இலட்சம் கோடி டொலர்வரை பெறுமதியாகக்கூடிய புதிய சம்பளத் திட்டமொன்றை மஸ்குக்கு அங்கீகரித்தனர்.

இத்திட்டத்தைக் குறித்தும் சிறு பங்குதாரர் ஒருவருக்கு ஐயம் எழலாம். வழக்காட அவர் தனியே போக முடியாது. ஒன்பது பங்கு வைத்திருப்போர் ஏறத்தாழ ஒரு கோடி பேர் ஒன்றுகூடினால்தான் அந்த மூன்று வீதம் நிறையும்.