பார்சல் சுமப்பவருக்குச் சங்கம் எதற்கு?

அமெரிக்காவின் யு.பி.எஸ். நிறுவனத்துப் பழுப்பு வேன்களில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருப்பது ஒரு பெரிய உலோகப் பெட்டி. உள்ளே வெளிச்சம் கிடைக்கட்டும் என்று கூரையை ஒளி ஊடுருவும்படி அமைத்திருப்பார்கள். அதே வழியாக வெயிலும் இறங்கும். கோடை நண்பகலில் உள்ளே வெப்பம் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. வாசலுக்கு வாசல் வண்டியை நிறுத்தி, அந்தப் பெட்டிக்குள் நுழைந்து, தட்டுகளில் அடுக்கியிருக்கும் பார்சல்களில் உரியதைத் தேடி எடுத்து, இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாளொன்றுக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கும். வண்டி எப்போது பின்னோக்கி நகர்ந்தது, சீட் பெல்ட் எப்போது மாட்டப்பட்டது, கதவு எப்போது திறந்தது என்பதையெல்லாம் சென்சார்கள் பதிவு செய்துகொண்டே இருக்கும். இந்த வேன்களுக்கு ஏசி வேண்டும் என்பது 2023இல்தான் ஒப்பந்தத்தில் எழுத்தாக ஏறியது.

எழுத வைத்தது டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம். யு.பி.எஸ்.ஸில் மட்டும் அதற்குச் சுமார் 3,40,000 உறுப்பினர்கள். பேச்சுவார்த்தை இழுபறியானபோது, தேவைப்பட்டால் வேலைநிறுத்தத்தில் இறங்கலாம் என்று வாக்களித்தவர்களில் 97 விழுக்காட்டினர் சம்மதம் தந்தார்கள். பழைய ஒப்பந்தம் முடிய ஒரு வாரம்கூட இல்லாத நிலையில், ஜூலை 25 அன்று உடன்பாடு வந்தது. ஆகஸ்டில் 86.3 விழுக்காட்டினர் அதை ஏற்றார்கள். ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. ஆனால் ஏசி, 2024 ஜனவரி முதல் வாங்கும் புது வண்டிகளுக்குத்தான். பழைய வண்டிகளுக்கு மின்விசிறியும் காற்றுத் துவாரங்களும். சங்கத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தக் குறையையும் சேர்த்தே பேச வேண்டும்.

அந்தக் கோடையில் அதிகம் அடிபட்டது வெப்பம் அல்ல, ஒரு தொகை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் முடிவில் முழுநேர ஓட்டுநர் ஒருவருக்குச் சம்பளமும் மற்ற பயன்களும் சேர்ந்து ஆண்டுக்குச் சராசரியாக 1,70,000 டாலர் வரும் என்று நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கேரல் டோமே சொன்னார். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் அதில் அடக்கம் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. பார்சல் கொண்டுவந்து போடுகிறவருக்கு இவ்வளவா என்று வியந்தவர்கள் ஏராளம். உடலால் உழைப்பவர் இவ்வளவுதான் பெற வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு வரம்பு போட்டு வைத்திருந்தால்தான் அந்த வியப்பு வரும். அந்த வரம்பை யார் போட்டார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே கூலி எவ்வளவு என்பதை வைத்துச் சங்கத்தின் தகுதியை எடைபோடுவது, ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் பலவீனமான வாதம்.

வலுவான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே ஒப்பந்தத்தில், ஓட்டுநர் தன் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு உண்டு. சேர்த்துக்கொண்டவரிடம் ஒரு வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு மும்மடங்கு கூலி கேட்டு முறையீடு செய்யலாம். ஜி.பி.எஸ். தரும் தகவலை மட்டும் வைத்து ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, மோசடி செய்திருந்தால் ஒழிய, என்று இன்னொரு பிரிவு. மேலாளர் விசாரணைக்கு அழைக்கும்போது, தண்டனை வரக்கூடும் என்று தோன்றினால் சங்கப் பிரதிநிதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இது 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெய்ன்கார்டன் வழக்கில் உறுதிசெய்த உரிமை. இவை எல்லாமே ஒரு மனிதர் தன் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதற்கான ஏற்பாடுகள். வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் மனதில் ஓட, தனியாக நிற்கிறவரால் அப்படிப் பேச முடியாது. பேசினால் அவர் இடத்துக்கு மறுநாளே வேறொருவர் வந்துவிடுவார் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

சங்கம் இல்லாத பக்கம் எப்படி இருக்கிறது என்பதற்கு அமேசான் உதாரணம். அமேசான் வேனை ஓட்டி, அமேசான் மேல்சட்டை அணிந்து, அமேசான் செயலி சொல்லும் வழியில் போகிறவர்கள், ஏட்டளவில் அமேசான் ஊழியர்கள் அல்ல. 2018இல் தொடங்கிய திட்டத்தின்படி சிறுசிறு ஒப்பந்த நிறுவனங்கள் அவர்களை வேலைக்கு வைத்திருக்கின்றன. ஓட்டுநர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்ற குற்றச்சாட்டை 2021இல் நிறுவனம் முதலில் கேலியாக மறுத்தது. சில நாளில் மறுப்பைத் திரும்பப் பெற்று, ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை கிடைப்பது சிரமம்தான் என்று ஒப்புக்கொண்டது. கலிபோர்னியாவின் பாம்டேல் நகரில் 84 ஓட்டுநர்கள் 2023 ஏப்ரலில் டீம்ஸ்டர்ஸில் சேர்ந்தார்கள். அவர்களுடைய ஒப்பந்த நிறுவனமும் சங்கத்தை ஏற்றது. ஆனால் அந்த நிறுவனத்துடனான உறவை முன்பே முறித்துக்கொண்டுவிட்டதாக அமேசான் சொன்னது. வேலையின் ஒவ்வொரு நிமிடத்தையும் தீர்மானிக்கிறவர், பேச்சுவார்த்தை என்று வந்தால் தனக்குச் சம்பந்தமில்லை என்று விலகிக்கொள்வதை எந்த அறநூலாலும் நியாயப்படுத்த முடியாது. அமெரிக்கத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மண்டல அலுவலகம் 2024 ஆகஸ்டில், அமேசானையும் கூட்டு முதலாளியாகக் கருத இடமிருக்கிறது என்றே கண்டது.

எதிர்வாதத்தையும் அதன் முழு பலத்தோடு எதிர்கொள்ள வேண்டும். 2023 ஜூலையில் யு.பி.எஸ். உடன்பாடு வந்த அதே வாரத்தில், எல்லோ என்ற பழைய சரக்கு லாரி நிறுவனம் மூடப்பட்டது. 30,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் சுமார் 22,000 பேர் அதே டீம்ஸ்டர்ஸ் உறுப்பினர்கள். நிறுவனம் கேட்ட மாற்றங்களுக்குச் சங்கம் இணங்காததே காரணம் என்றது நிர்வாகம். தொழிலாளர்கள் முன்பே கூலியையும் ஓய்வூதியத்தையும் விட்டுக்கொடுத்தவர்கள் என்றது சங்கம். அரசிடம் வாங்கிய 70 கோடி டாலர் கடனும் காப்பாற்றவில்லை. பல ஆண்டுக் கடன்சுமைக்குச் சங்கத்தைக் குற்றம் சொல்வது பொருந்தாது. ஆனாலும் கடைசிக் கட்டத்தில் அந்த 22,000 பேருக்கு மறுப்பதால் என்ன கிடைத்தது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மறுக்கும் உரிமைக்குச் சில நேரம் விலை உண்டு. அந்த விலையைத் தருகிறவர் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தவர் அல்ல.

யு.பி.எஸ்.ஸிலும் அந்த விலை வந்தது. அமேசானிடமிருந்து வரும் பார்சல்களை 2026க்குள் பாதிக்கும் மேல் குறைக்கப்போவதாக 2025 ஜனவரியில் நிறுவனம் அறிவித்தது. லாபம் போதவில்லை என்பது காரணம். ஏப்ரலில் 20,000 வேலைகள் குறையும், 73 கட்டடங்கள் மூடப்படும் என்ற அறிவிப்பு தொடர்ந்தது. இதை எடுத்துக்காட்டி, உயர்ந்த கூலிதான் வேலையைத் தின்றது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. யு.பி.எஸ். கைவிடும் பார்சல்கள் மறைந்துபோவதில்லை. யாரோ ஒருவர் குறைந்த கூலிக்கும் குறைந்த பாதுகாப்புக்கும் அவற்றைச் சுமந்துகொண்டுதான் இருப்பார். ஒரு கரையை மட்டும் உயர்த்திக் கட்டினால் வெள்ளம் மறுகரை வழியே போவதைப் போலத்தான் இது. மறுகரையையும் உயர்த்த வேண்டும் என்று முடிவெடுப்பதா, கட்டிய கரையை இடிப்பதா என்பதில் இருக்கிறது அறம். இடிப்பவர்கள் சொல்வது என்னவென்றால், எல்லோரும் சமமாக மூழ்கட்டும் என்பதுதான்.

சங்கத்துக்கு எதிரான மிகக் கனமான வாதம் முதலாளிகளிடமிருந்து வருவதல்ல, சங்கத்தின் சொந்த வரலாற்றிலிருந்து வருவது. டீம்ஸ்டர்ஸ் பல பத்தாண்டுகள் ரவுடிக் கும்பல்களின் பிடியில் இருந்தது. ஊழலுக்காக 1957இல் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு அதை வெளியேற்றியது. 1988இல் அரசே வழக்குத் தொடர்ந்தது. மறு ஆண்டு ஏற்பட்ட சமரசத்தின் விளைவாகத்தான் சாதாரண உறுப்பினர் தலைவரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையே வந்தது. அப்படி 1991இல் தேர்வானவர் ரான் கேரி, முன்னாள் யு.பி.எஸ். ஓட்டுநர். 1997 ஆகஸ்டில் 1,85,000 பேரை 15 நாள் வேலைநிறுத்தத்தில் நடத்தி வென்றவரும் அவர்தான். வேலைநிறுத்தம் முடிந்து சில நாளிலேயே, முறைகேடான பிரசார நிதிக்காக அவருடைய முந்தைய தேர்தல் வெற்றி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. நல்ல போராட்டமும் கறைபட்ட தேர்தலும் ஒரே தலைவரின் பெயரில் இருக்கின்றன. அந்த இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைப் பேசுவது நேர்மையல்ல.

2018இல் நடந்தது இன்னும் நெருடலானது. புதிதாக ஒரு வகை ஓட்டுநர்களைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ள அந்த ஆண்டின் ஒப்பந்தம் இடம் தந்தது. ஒரே வேன், ஒரே தெரு, அதே பார்சல். கூலி மட்டும் வேறு. வாக்களித்தவர்களில் சுமார் 54 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பதால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற பழைய விதியைக் காட்டித் தலைமை ஒப்பந்தத்தை நிறைவேற்றிவிட்டது. தன் உறுப்பினர்களில் இளையவர்களையும் புதியவர்களையும் மலிவாகக் கொடுத்த சங்கம், அந்தக் கணத்தில் முதலாளியிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது?

இதற்குப் பதில் அடுத்த ஐந்தாண்டுகளில் கிடைத்தது. 2021 மாநாட்டில் அந்த விதியை நீக்கினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் பழைய தலைமை ஆதரித்த அணியைத் தோற்கடித்து ஷான் ஓ'பிரையன் அணியைக் கொண்டுவந்தார்கள். 2023 ஒப்பந்தம் அந்த இரண்டாந்தர ஓட்டுநர் வகையையே ஒழித்தது. சங்கம் தவறே செய்யாது என்பதல்ல சங்கத்துக்கான நியாயம். அது செய்யும் தவறால் அடிபட்டவரின் கையிலேயே அதைத் திருத்தும் வாக்கும் இருக்கிறது என்பதுதான் நியாயம். பார்சல் வழித்தடத்தை வகுக்கும் மென்பொருள் ஒருவருக்கு அநியாயமான நாளைத் தந்தால், அவர் எந்தப் பெட்டியில் வாக்குப் போடுவார்? நல்ல மனம் படைத்த முதலாளிகள் உண்டு. ஆனால் அந்த நல்ல மனம் அடுத்த காலாண்டுக் கணக்கு வரைக்கும் இருக்குமா என்பதில் தொழிலாளிக்கு எந்தப் பிடிமானமும் இல்லை.

சந்தா கட்டாயமா என்ற வாதத்தைச் சுருக்கமாகவே தீர்க்கலாம். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சந்தா செலுத்தாதவரையும் வேலையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அவருக்காகவும் சங்கம் வாதாடியே ஆக வேண்டும். சேர மறுப்பது ஒருவருடைய மனச்சாட்சியின் விஷயம். சங்கத்தின் பலனை மட்டும் எடுத்துக்கொள்வதை மனச்சாட்சி என்று அழைப்பது கடினம்.

வேலைநிறுத்தத்தால் அடிபடும் மூன்றாம் நபர் பற்றியும் பேச வேண்டும். 1997இல் பார்சல் நின்றபோது சிறு வணிகர்கள் உண்மையாகவே தவித்தார்கள். இருந்தும் காலப் கருத்துக்கணிப்பில் 55 விழுக்காட்டினர் தொழிலாளர் பக்கமும் 27 விழுக்காட்டினர் நிறுவனத்தின் பக்கமும் நின்றார்கள். காரணம், அந்தப் போராட்டத்தின் மையக் கோரிக்கை ஓட்டுநரின் கூலி அல்ல. பகுதி நேரத் தொழிலாளருக்கு 1982 முதல் மணிக்கு 8 டாலரிலேயே நின்றுபோயிருந்த ஆரம்பக் கூலியும், முழுநேர வேலைக்காக அவர்கள் காத்திருந்த காத்திருப்பும்தான். 10,000 முழுநேர வேலைகளை உருவாக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காகத் தன் சம்பளத்தை இரண்டு வாரம் இழக்கத் துணிந்ததை வாசலில் நின்று பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

பகுதி நேர ஆரம்பக் கூலி இப்போது மணிக்கு 21 டாலர். இரவிலும் விடியலிலும் கிடங்குகளில் பார்சல்களைப் பிரித்து வேனில் ஏற்றுகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் இன்றும் பகுதி நேரத்தினரே, யு.பி.எஸ். உறுப்பினர்களில் பாதிக்கும் மேல் அவர்கள். இந்த ஒப்பந்தம் 2028 ஜூலை 31 அன்று முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் அமரும்போது சங்கம் அவர்களுடைய கோரிக்கையைப் பட்டியலின் எந்த இடத்தில் வைக்கப்போகிறது என்பதை உறுப்பினர்கள் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.