பெயரும் ஓர் அமானிதமே

ஒரு பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதனை அறிந்துவிட்டோம் என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. பெயர் தெரியாத செடியின் முன் சற்று நேரம் நிற்கிறோம்; இன்ன செடி என்று எவரேனும் சொல்லிவிட்டால் அடுத்த கணமே நகர்ந்துவிடுகிறோம். அறிவின் வாயிலாக இருக்க வேண்டிய பெயர், பல வேளைகளில் அவ்வாயிலை அடைக்கும் தாழாகிவிடுகிறது. ஆகவே ஒரு கேள்வியை எழுப்பிப் பார்ப்பது பயனுடையது. தன் பெயரை அறியாத, அறியவும் இயலாத ஓர் உயிருக்கு நாம் தவறான பெயரைச் சூட்டினால், அது வெறும் பிழைதானா? அநீதியுமா?

மனிதருக்கு வழங்கும் பெயர்களை வைத்து இக்கேள்வியை ஆராயத் தொடங்கினால் நம் விருப்பும் வெறுப்பும் உடனே குறுக்கே வந்து நின்றுவிடும். அவை எழுவதற்கு இடமே தராத ஓர் உயிரை எடுத்துக்கொள்வது நலம். கடற்சேற்றிலும் பாறை இடுக்கிலும் வாழும் மயிர்முட் புழுக்களை எடுத்துக்கொள்வோம். கடலோரத்தார் தூண்டிலில் இரையாகக் கோக்கும் புழுக்களில் பல இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே.

மோதிரங்களை வரிசையாகக் கோத்தாற்போன்ற உடல். வளையந்தோறும் இருமருங்கிலும் பக்கக்கால்கள். அவற்றிலிருந்து கற்றை கற்றையாக நீளும் மயிர்முட்கள். இதுவே இவற்றின் பொதுவான தோற்றம். ‘பல மயிர்முட்களை உடையவை’ என்னும் பொருளில் ‘பாலிகீட்டா’ என்ற பெயரை 1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் குரூபே வழங்கினார். இதுவரை விவரிக்கப்பட்டுள்ள இனங்கள் 10,000-க்கும் அதிகம். அவற்றுட் சில நீந்தித் திரிந்து வேட்டையாடும். சில சேற்றையே விழுங்கி அதிலுள்ள சத்தை உண்டு வாழும். வேறு சில தாமே அமைத்துக்கொண்ட குழலுக்குள் வாழ்நாளெல்லாம் அடங்கியிருந்து, விசிறி போன்ற உறுப்பை வெளியே விரித்து, நீரில் மிதந்து வரும் துகள்களைப் பிடித்து உண்ணும்.

1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ், உரோமம் போர்த்த முதுகும் ஒளிபட்டால் பொன்னும் பச்சையுமாக மின்னும் ஓரங்களும் கொண்ட ஒரு புழுவைக் கண்டு, கிரேக்கரின் அழகுத் தெய்வத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதே புழுவை ஆங்கிலேயர் ‘கடற் சுண்டெலி’ என்று அழைத்தனர். ஒருவர் அதன் ஒளியைக் கண்டார். மற்றவர் அதன் வடிவைக் கண்டனர். இரண்டும் பொய்யல்ல. எனினும் அப்புழு எதற்கு உறவு, எதிலிருந்து வேறு என்பதை இரு பெயர்களுமே சொல்லவில்லை. அதைச் சொல்லவே வகைப்பாடு என்னும் கலை பிறந்தது.

இக்கலை நம் மொழிக்கும் புதிதன்று. நத்தை போன்றவற்றை ஈரறிவுயிர் என்றும், கறையான், எறும்பு போன்றவற்றை மூவறிவுயிர் என்றும், புலன்களை அளவுகோலாகக் கொண்டு பகுத்தது தொல்காப்பியம். எதை அளவுகோலாகக் கொள்வது என்பதே வகைப்பாட்டின் முதற் கேள்வி. அறத்தின் கேள்வியும் அங்கேதான் தொடங்குகிறது.

வசதியும் வாய்மையும்

1866-இல் பிரெஞ்சு அறிஞர் கத்ரஃபாஜ் இப்புழுக்களைத் திரிவன என்றும் தங்குவன என்றும் இரண்டாகப் பிரித்தார். எளிய பிரிவு, நினைவில் நிற்கும் பிரிவு. நூறாண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் அதனையே ஓதின. ஆயினும் 1977-இல் வெளியான தம் நூலில் ஃபவுச்சல்ட் என்னும் அறிஞர் அதனைக் கைவிட்டார். திரிவதும் தங்குவதும் வாழும் முறையைக் காட்டுமேயன்றி வம்சத்தைக் காட்டா என்பது அப்போது பலரும் உணர்ந்திருந்த உண்மை. ஒரே தெருவில் குடியிருப்போர் எல்லாரும் ஒரே குடும்பத்தார் ஆகிவிடுவார்களா?

கதை அத்துடன் முடியவில்லை. 2011-இல் மரபணுக்களைப் பெருந்தொகையாக ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, இப்புழுக்களிற் பெரும்பாலானவை இரு பெருங்கிளைகளாகவே பிரிவது தெரியவந்தது. பழைய பெயர்கள் இரண்டும் மீண்டும் உயிர்பெற்றன. ஆனால் உறுப்பினர் பட்டியல் மாறியது. மண்புழுவும் அட்டையும் ‘தங்குவன’ என்னும் கிளைக்குள் வந்து சேர்ந்தன! மயிர்முள்ளே இல்லாத அட்டை, ‘பல மயிர்முட்களை உடையவை’யின் வழித்தோன்றல் என்றாகிவிட்டது. பாலிகீட்டா என்று நாம் பிரித்து வைத்திருந்த கூட்டம், தன் வம்சத்தில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிட்டு மீந்ததையே குடும்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு முனைகள் கொண்டது. நெடுங்காலம் வழங்கிவிட்டது என்பதனால் ஒரு பிரிவு உண்மையாகிவிடாது. ஒருமுறை தள்ளப்பட்டது என்பதனால் அது என்றென்றைக்கும் பொய்யாகிவிடவும் செய்யாது. தீர்ப்பு வழங்குபவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாலும் செவியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

வாயில்லாப் புழுவின் வம்சம்

1899–1900-ஆம் ஆண்டுகளில் டச்சுக்காரரின் ‘சிபோகா’ என்ற கப்பல், இன்றைய இந்தோனேசியக் கடல்களை ஆராய்ந்தது. அது கொண்டுவந்த உயிர்களுள் நூல்போன்ற ஒரு புழு இருந்தது. அதற்கு வாயுமில்லை, குடலுமில்லை. 1914-இல் கொல்லேரி என்னும் பிரெஞ்சு அறிஞர், கப்பலின் பெயரையே தழுவி அதற்குச் ‘சிபோக்ளினம்’ என்று பெயரிட்டார். உண்ண வழியில்லாத உயிரை எந்த வரிசையில் வைப்பது? பிற்காலத்தார் இத்தகையவற்றை எவற்றோடும் சேராத தனித் தொகுதி என்றே வகுத்தனர். 1977-இல் காலப்பகாஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளின் அருகில், ஆளுயரக் குழல்களில் வாழும் செந்நிறப் புழுக்கள் காணப்பட்டன. அவற்றுக்கும் வாயில்லை. தம் உடலுக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் ஊற்றுநீரிலுள்ள கந்தக வேதிப்பொருளைக் கொண்டு ஆக்கித்தரும் உணவே அவற்றின் வாழ்வாதாரம். அவற்றுக்கும் ஒரு தனித் தொகுதி முன்மொழியப்பட்டது.

பின்னர் இளம்பருவப் புழுக்களைக் கூர்ந்து நோக்கியபோது, அவற்றுக்கு வாயும் குடலும் சிறிது காலம் இருந்து மறைவது தெரிந்தது. 1990-களில் மரபணுச் சான்றும் வந்தது. தனித் தொகுதிகள் என்று ஒதுக்கப்பட்ட இவை, மயிர்முட் புழுக்களின் உறவினரே. இன்று சிபோக்ளினத்தின் பெயரால் அமைந்த ஒரே குடும்பத்துக்குள் அவை அடங்குகின்றன.

எவ்வளவு அந்நியமாகத் தோன்றியதோ, அவ்வளவு நெருங்கிய உறவு! வாழ நேர்ந்த இடம் அவற்றின் உருவை மாற்றியது, வம்சத்தை மாற்றவில்லை. விந்தையாகத் தோன்றும் ஒன்றை வேற்றாள் என்று முடிவு கட்டுவது அறிவின் அவசரம். அந்த அவசரம் புழுக்களோடு நின்றுவிடுவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

ஒரு பெயர், ஆறு உயிர்கள்

மேலே சொன்னது, உறவை அந்நியம் என்று பிரித்த பிழை. இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. வேறுபட்டவற்றை ஒன்றென்று சேர்ப்பது அது.

1780-இல் ஃபாப்ரிசியஸ், கிரீன்லாந்தின் உயிர்களைப் பற்றிய தம் நூலில் விவரித்த ஒரு சிறு புழு இன்று ‘காபிட்டெல்லா காபிட்டாட்டா’ எனப்படுகிறது. காலப்போக்கில் உலகின் பல கடல்களிலிருந்தும் இப்பெயர் பதிவாயிற்று. கழிவு படிந்த சேற்றில் பிற உயிர்கள் மடிய, இப்புழு பல்கிப் பெருகும். ஆகவே இப்பெயரைக் கண்டதும் அவ்விடம் மாசுபட்டது என்று தீர்ப்பெழுதும் வழக்கம் ஏற்பட்டது. 1969-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கரையில் வெஸ்ட் ஃபால்மத் என்னுமிடத்தில் எண்ணெய் கொட்டியபோதும் இப்புழுவின் பெருக்கம் காணப்பட்டது. அதனை ஆராய்ந்த கிராசில் தம்பதியர், ‘ஒரே புழு’ என்று கருதப்பட்டதனுள் குறைந்தது ஆறு இனங்கள் இருப்பதை 1976-இல் வெளியிட்டனர். புறத்தோற்றத்தில் அவை ஏறக்குறைய ஒன்றே. முட்டையின் அளவு வேறு. குஞ்சு வளரும் முறை வேறு. உடலின் நொதிப் பொருள்கள் வேறு. அவற்றுள் ஒன்று ‘காபிட்டெல்லா டெலேட்டா’ என்று தனக்கென ஒரு பெயரைப் பெற்றது 2009-இல்! ஆய்வுக்கூடங்களில் எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு உட்பட்ட உயிர், 33 ஆண்டுகள் வெறும் எண்ணால் குறிக்கப்பட்டு நின்றது.

‘பெயர் மாறுவதால் புழுவுக்கு என்ன இலாபம்? அறிஞர்களின் பொழுதுபோக்குத்தானே இது?’ என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. பெயர் மாறியதால் எந்தப் புழுவும் ஓர் அங்குலம் வளரவில்லை. எனினும் அப்பெயரை நம்பி நாம் செய்யும் தீர்ப்பு மாறுகிறது. ஓரிடத்துப் புழுவைப் பற்றிய சான்றை, வேறோர் இனம் வாழும் மற்றோரிடத்துக்கு எடுத்துச் சென்றால் அது பொய்ச் சாட்சியமாகும். அதைவிடக் கொடிய விளைவொன்றும் உண்டு. உலகெங்கும் பரவிய ஒரே இனம் என்று ஏட்டில் எழுதிவிட்டால், ஒரு கரையில் மட்டுமே வாழ்ந்த இனம் அற்றுப்போனாலும் நமக்குத் தெரியாது. வேறெங்கோ அது இருப்பதாக நம் ஏடு சொல்லிக்கொண்டே இருக்கும். தனக்கென ஒரு பெயரில்லாத உயிர் அழிந்தால், அழிந்தது என்று சொல்வதற்குக்கூட வழியில்லை.

இது வெறும் அச்சமன்று. தூண்டில் இரையாகப் பயன்படும் ‘மார்பைசா சாங்குவினியா’ என்ற புழுவை 1813-இல் விவரித்தவர் மாண்டேகு. அது இங்கிலாந்தின் தென்கரைப் புழு. அப்பெயரைப் பிறகு எத்தனையோ நாடுகளின் புழுக்கள் மீது ஒட்டினர். 2003-இல் மூல இனத்தின் இலக்கணத்தை மீண்டும் வரையறுத்தபோது, ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையில் அப்பெயரால் வழங்கியது வேறோர் இனம் என்று தெளிந்து, அதற்குப் புதுப்பெயர் தரப்பட்டது. நம் கடல்களின் புழுக்களைத் தொகுத்துப் பிரெஞ்சு அறிஞர் ஃபோவெல் 1953-இல் எழுதிய பெருநூலிலும் ஐரோப்பியக் கடல்களில் பெயர்பெற்ற இனங்கள் பல இடம்பெற்றுள்ளன. அவர் உழைப்பு போற்றத்தக்கது. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் நம் கரைக்குப் பொருந்துமா என்று மறுபடி பார்ப்பது, அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் மரியாதையே.

சாட்சியும் அடைப்புக்குறியும்

இத்துறையின் இரண்டு வழக்கங்கள் நம் கருத்தைக் கவர்கின்றன. ஓர் இனத்துக்குப் பெயரிடும்போது, எந்த உடலைக் கண்டு பெயரிட்டார்களோ அதனையே அருங்காட்சியகத்தில் பேண வேண்டும். எதிர்காலத்தில் ஐயம் எழுந்தால் அவ்வுடலே சாட்சி. சாட்சி தொலைந்திருந்தால், முறைப்படி மற்றொன்றை அவ்விடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு செய்தியை ஏற்குமுன், அதனைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து பழகிய சமுதாயத்துக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மற்றது, ஓர் அடைப்புக்குறி. மாண்டேகு தம் புழுவை முதலில் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார். பின்வந்தோர் அதனை மாற்றினர். மாற்றியபோது அவர் பெயரை அழிக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் இட்டு உடன் வைத்துக்கொண்டனர். முதலில் கண்டவர் இவர், இடம் மட்டும் மாறியிருக்கிறது என்பதே அக்குறியின் பொருள். திருத்துவது வேறு, இழிவுபடுத்துவது வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த அறநூலும் சொல்லிவிட முடியாது.

இப்போது நாம் முதலில் ஒதுக்கி வைத்த மனிதரிடம் திரும்பலாம். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்னும் தலைப்பின்கீழ்ச் சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளனர். உரிமையைப் பங்கிடும் நோக்கத்துக்கு அச்சேர்க்கை பயன்படுகிறது. அதில் குறைகாண வேண்டியதில்லை. ஆனால் அப்பட்டியலை வரலாறு என்று ஒருவர் படித்தால், கடல்வணிகத்தின் கதையும் குதிரைவணிகத்தின் கதையும் ஒன்றில் ஒன்று கரைந்து மறைந்துவிடும். சேர்த்து வழங்கும் பெயரில் குற்றமில்லை. எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தோம் என்பதை மறந்து, சேர்ந்திருப்பவர் எல்லாரும் ஒரே வார்ப்பு என்று நம்பத் தொடங்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது. ‘இவர்கள் எல்லாருமே இப்படித்தான்’ என்ற சொல், எந்தச் சமுதாயத்தை நோக்கி எறியப்பட்டாலும், ஒரே பெயரின்கீழ் ஆறு உயிர்களை அடைக்கும் சொல்லே.

ஆகவே நம் கேள்விக்கு விடை இதுவாகலாம். அறியாமல் தவறான பெயரிடுவது பிழை; மனிதராய்ப் பிறந்தோர் எவருக்கும் அது நேரும். சான்று வந்து கதவைத் தட்டிய பின்னும், பழகிவிட்டது, வசதியாக இருக்கிறது என்று அப்பெயரையே பற்றிக்கொண்டிருப்பது அநீதி. அமானிதமாக வந்த பொருளை நம் உடைமையாகக் கருதலாகாது. பெயரும் அத்தகையதே. அதனை ஆள்பவர் நாம். அதற்குரியது அப்பெயரைத் தாங்கும் பொருள்.

அருங்காட்சியகக் குடுவைகளில், ஓர் உயிரின் பெயர் மாறும்போது பழைய சீட்டை எறிந்துவிடுவதில்லை. புதிய சீட்டையும் அதனோடு சேர்த்து உள்ளே இடுகின்றனர். நேற்றைய அறிவும் இன்றைய அறிவும் ஒரே குடுவையில் அருகருகே இருக்கின்றன. நாளைய சீட்டுக்கும் அங்கே இடமிருக்கிறது. அத்தகைய இடத்தை நம் உள்ளங்களிலும் விட்டுவைப்போமாக.